பங்கு வாழ்வில் இறையழைப்பைக் கேட்பது எப்படி? படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

பாஸ்கா காலத்தின் 4-ஆம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு. 1964 முதல் அந்த நாளில் உலகெங்கும் இறையழைத்தலுக்காக, அதாவது குருத்துவத்துக்கும் துறவறத்துக்கும் பலர் முன்வர வேண்டும் என்று, செபிக்கிறோம். அன்றைய மறையுரை பெரும்பாலும் முன்வரிசை இளைஞர்களைப் பார்த்தே போகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் மூன்று பிள்ளைகளின் தாயும், கணவரை இழந்தவரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும் "இது நமக்கில்லை" என்று செபமாலையை உருட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் அதே 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கை விளக்கத்தின் 5-ஆம் இயல் முழுவதும் சொல்வது, திருமுழுக்குப் பெற்ற எல்லாரும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் என்பதைத்தான்.

ஆகவே முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அழைப்பு மூன்று அடுக்குகளில் வருகிறது. திருமுழுக்கோடு எல்லாருக்கும் வருவது ஒன்று. திருமணம், குருத்துவம், துறவறம், திருமணமின்றி உலகில் வாழ்வது என வாழ்க்கை நிலை சார்ந்தது இரண்டாவது. "இந்த வாரம் இந்த நோயாளியைப் போய்ப் பார்" என்பது போல அன்றாடம் வருவது மூன்றாவது. குழப்பத்தில் பாதி, மூன்றாவதை இரண்டாவதாக எடுத்துக்கொள்வதால் வருகிறது. ஒரு தியானத்தின் கடைசி நாளில் கண்ணீர் வந்தது என்பதற்காகக் குருமடத்துக்கு விண்ணப்பம் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் அது கேட்டது, வீட்டில் பேசாமல் இருக்கும் அண்ணனோடு ஒப்புரவாவதை மட்டுமாகவும் இருக்கலாம்.

முதலில், சாமுவேலுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்

1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தைச் சிறுவயதிலிருந்தே கேட்டுவருகிறோம். அதனாலேயே ஒன்றைக் கவனிப்பதில்லை: சாமுவேலுக்குக் காது நன்றாகவே கேட்டது. மூன்று முறையும் எழுந்து ஓடினான். கூப்பிட்டது யார் என்பதுதான் தெரியவில்லை. அவனுக்குப் பழக்கமான குரல், அவன் பணிவிடை செய்துவந்த குரு ஏலியுடையது, அதனால் அவரிடமே போய் நின்றான். ஏலியும் உடனே பிடித்துவிடவில்லை. இரண்டு முறை "நான் கூப்பிடவில்லை, போய்ப் படு" என்று அனுப்பிவிட்டு, மூன்றாம் முறைதான் புரிந்துகொள்கிறார்.

இந்த வழிகாட்டி முழுவதும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. அழைப்பு திரும்பத் திரும்ப வரும். அதை அடையாளம் காண இன்னொருவர் வேண்டும். ஒருமுறை மட்டும் தோன்றியதைக் குறித்துவைத்தால் போதும், அதன்மேல் வீடு கட்ட வேண்டாம். மூன்றாம் முறையாக வந்து நிற்பதைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம்.

படி 1: ஒரு குறிப்பேடு, சனிக்கிழமை இரவு 20 நிமிடம்

கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். கைபேசியில் எழுதலாம்தான், ஆனால் எழுதும் நேரத்தில் வேறு செய்தி வந்து கண்ணை இழுக்கும். எதற்கு வம்பு, நோட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவே ஞாயிறு வாசகங்களை எடுங்கள். நற்செய்தியிலிருந்து தொடங்குவது நல்லது. பொதுக்காலத்தில் முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாம் வாசகம் ஒரு திருமுகத்தை வாராவாரம் தொடர்ந்து வாசித்துக்கொண்டு தன் வழியில் போவது. இது தெரியாமல் மூன்றையும் ஒரே நூலில் கோக்க முயன்று, "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று நோட்டை மூடுகிறவர்கள் நிறைய.

நற்செய்தியை மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை என்ன நடக்கிறது என்பதற்காக. இரண்டாம் முறை உதடு அசைய, மெதுவாக. எந்தச் சொல்லில் மனம் தட்டி நிற்கிறதோ அங்கே நீங்களும் நின்றுவிடுங்கள். மூன்றாம் முறை, அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஆண்டவரோடு பேசுங்கள். பிறகு தேதி, ஞாயிறின் பெயர், அந்தச் சொல், ஒரே ஒரு வாக்கியம். அவ்வளவே.

மனம் நிற்கிற சொல் இனிமையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எரிச்சல் தரும் சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். இயேசுவிடம் ஓடிவந்த செல்வர் முகவாட்டத்தோடு திரும்பிப் போனது, அழைப்பு காதில் விழாததால் அல்ல, தெளிவாகவே விழுந்ததால்.

ஞாயிறு நற்செய்திகள் மத்தேயு, மாற்கு, லூக்கா என 3 ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. ஆகவே இன்று எழுதிய பக்கத்துக்கு இன்னும் 3 ஆண்டில் அதே பகுதி திரும்பி வரும். பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதே சொல்லில் இரண்டாம் முறையும் மனம் நின்றால், அது வெறும் மனநிலை இல்லை என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே சாட்சி இருக்கும்.

படி 2: திருப்பலியில் இருக்கும் அமைதிகளைப் பயன்படுத்துவது

திருப்பலியில் அமைதிக்கென்று வைத்திருக்கும் இடங்களில் நான்கு இவை: "மன்றாடுவோமாக" என்று குரு சொன்னபின், வாசகங்களுக்குப் பின், மறையுரைக்குப் பின், திருவிருந்துக்குப் பின். முதலாவது அமைதி அவரவர் மன்றாட்டை மனத்தில் எடுத்துக்கொள்வதற்காகவே உள்ளது. குரு எல்லாருடைய மன்றாட்டையும் சேர்த்து ஒன்றாக ஒப்புக்கொடுக்கிறார். பல பங்குகளில் அது மூச்சு விடும் நேரம்கூட இருப்பதில்லை. அதனால் கோவில் வாசலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போடும்போதே, இன்று எதைக் கொண்டுவந்திருக்கிறேன் என்பதை ஒரு வரியில் மனத்தில் தயார் செய்துவிடுங்கள். "மன்றாடுவோமாக" என்றதும் அதை எடுத்து வைக்கலாம்.

திருவிருந்துக்குப் பின் பாடகர் குழு நிறுத்தாமல் பாடினால் யாரையும் குறை சொல்ல வேண்டாம். இறுதி ஆசீருக்குப் பின் 5 நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதில் அதிகம் இழப்பவர்கள் பணி செய்பவர்கள்தாம். வாசகர் தன் முறைக்காகப் பதறிக்கொண்டிருப்பார், ஆர்மோனியம் வாசிப்பவர் அடுத்த பாட்டின் சுருதியைத் தேடுவார், பீடச் சிறுவர்களைப் பார்த்துக்கொள்பவருக்குக் கண் எங்கும் நிற்காது. ஆண்டுக்கணக்காகப் பீடத்துக்கு அருகிலேயே நின்று ஒன்றுமே காதில் விழாமல் போவது இப்படித்தான். மாதம் ஒருமுறையாவது, பொறுப்பு எதுவும் இல்லாத ஒரு திருப்பலிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வாரநாள் காலைப் பூசை அதற்கு மிகவும் ஏற்றது.

படி 3: இரவில் 10 நிமிட ஆன்ம ஆய்வு

இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா புனித இஞ்ஞாசியார் வகுத்த ஐந்து புள்ளிகள் இவை: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளை மணி மணியாகத் திருப்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, மறுநாளுக்கு ஒன்றைத் தீர்மானிப்பது. பலர் இதைப் பாவக் கணக்காகச் சுருக்கி, இரண்டு வாரத்தில் சலித்து விட்டுவிடுகிறார்கள். அழைப்பைக் கேட்பவருக்கு மூன்றாவது புள்ளிதான் முக்கியம், அதிலும் ஒரே கேள்வி: இன்று உள்ளம் எங்கே விரிந்தது, எங்கே சுருங்கியது?

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வது பயன்தரும். 1521-இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, இஞ்ஞாசியார் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அரச குலப் பெண்ணொருத்திக்காகச் சாகசங்கள் செய்வதாகக் கற்பனை செய்வார், இனித்தது. கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர்களின் வரலாற்றையும் படித்துவிட்டு, தானும் அவர்களைப் போலச் செய்வதாகக் கற்பனை செய்வார், அதுவும் இனித்தது. நினைக்கும்போது இரண்டும் ஒன்றுதான். நினைத்து முடித்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது: முதலாவது வறட்சியை விட்டுப்போனது, இரண்டாவது மகிழ்ச்சியை விட்டுப்போனது. அவர் கவனித்தது பின்சுவையை.

நீங்களும் அதையே எழுதுங்கள். நாளுக்கு இரண்டு வரி போதும். இப்படி இருக்கலாம்:

"செவ்வாய்: மறைக்கல்வி முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, செத்துப்போன தாத்தாவுக்கு நான் செபிப்பது கேட்குமா என்று ஒரு பையன் கேட்டான். வீடுவரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. களைப்பு இருந்தது, பாரம் இல்லை."

"வியாழன்: பங்குப் பேரவைக் கூட்டம். விழாச் செலவு விஷயத்தில் பேசி ஜெயித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். படுக்கும்போது மனம் வெறிச்சென்று இருந்தது."

இந்த இரண்டில் எது பெரிய காரியம் என்று பங்கைக் கேட்டால் வியாழனைத்தான் சொல்வார்கள். நோட்டு வேறு மாதிரி சொல்கிறது. ஆனால் அன்றன்றே பொருள் சொல்லத் தொடங்காதீர்கள். அஜீரணத்தையும் தூக்கமின்மையையும் ஆவியானவர்மேல் போட்டுவிடுவோம். நான்காவது வார இறுதியில் 28 நாள் வரிகளையும் ஒரே மூச்சில் படியுங்கள். மூன்று முறைக்கு மேல் வரும் ஆள், இடம், வேலை எது என்று அடிக்கோடிடுங்கள். பவுல் கலாத்தியர் 5:22-23-இல் தரும் கனிகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, அந்த இடங்களில் அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை கூடுகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

படி 4: பங்கில் ஒரு பணியை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது

அறையில் உட்கார்ந்து யோசித்து மட்டும் அழைப்பு தெளிவாவதில்லை. சிலுவையிலிருந்து "என் வீட்டைச் சீர்ப்படுத்து" என்ற குரலைக் கேட்ட அசிசி பிரான்சிஸ், அதை நேரடியாகப் புரிந்துகொண்டு இடிந்துகிடந்த புனித தமியான் சிற்றாலயத்துக்குக் கல் சுமந்தார். புரிந்துகொண்டது அரைகுறைதான், ஆனால் கல்லைத் தூக்கியபடியேதான் மீதி விளங்கியது.

ஒரு நேரத்தில் ஒரே பணி. குறைந்தது 3 மாதம். முதல் மாதத்தில் புதுமை இழுத்துக்கொண்டு போகும், இரண்டாம் மாதத்தில் சலிப்பும் சக பணியாளர்களின் குணமும் தெரியும், மூன்றாம் மாதத்தில்தான் அந்தப் பணியும் நீங்களும் நேருக்கு நேர் நிற்பீர்கள். ஒரே நேரத்தில் நான்கு குழுவில் சேர்ந்தால் எது உங்களை வளர்க்கிறது, எது உறிஞ்சுகிறது என்று பிரித்தறியவே முடியாது.

எந்தப் பணியை எடுப்பது? ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் வீடு சந்திப்பு, மறைக்கல்வி, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவது, துக்க வீட்டுச் செபம் ஆகியவை மனிதர் அருகில் கொண்டுபோய் நிறுத்துபவை. விரைவில் தெளிவு தருபவை. நற்கருணை கொண்டுபோவதற்கு முறையான நியமனமும் பயிற்சியும் வேண்டும், பங்குத்தந்தையிடம் கேளுங்கள். கோவில் துணி துவைப்பது, பீடத்துக்குப் பூ வைப்பது போன்றவை வேறு ஒன்றைச் சோதிக்கும்: யாரும் பார்க்காதபோதும் இதைச் செய்வேனா?

மூன்று மாத முடிவில் கேட்க வேண்டியவை: வேலை முடிந்தபின் மிஞ்சுவது என்ன? மற்றவர்கள் தாமாக என்னைத் தேடி வருகிறார்களா? பாராட்டு நின்றுபோனால் தொடர்வேனா? இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அருங்கொடை, அதாவது தூய ஆவியார் ஒருவருக்குத் தரும் தனித் திறன், பிறருடைய நன்மைக்காகத் தரப்படுவது. அது இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்பவர்களும் அந்தப் பிறர்தான்.

ஒன்றை நேராகவே சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறை அழைப்பு ஆகாது. எந்தப் பங்கிலும் முடியாது என்று சொல்லத் தெரியாத நாலைந்து பேர் தலையிலேயே எல்லாப் பொறுப்பும் ஏறும். யாராவது "உங்களை விட்டால் ஆள் இல்லை" என்றால், "செபித்துவிட்டு அடுத்த ஞாயிறு சொல்கிறேன், ஃபாதர்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஏற்கெனவே கையிலிருக்கும் கடமைகளை, அதாவது சிறு பிள்ளை, படுக்கையிலிருக்கும் பெற்றோர், கடன் ஆகியவற்றைக் கைவிடச் சொல்லும் குரலை அழைப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடனைத் தீர்க்க முடியாமல் இருப்பவரைத் துறவு சபையில் சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது.

படி 5: உங்கள் ஏலியைத் தேடுவது

ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்கும் குரு வேறு, ஆன்ம வழிகாட்டி வேறு. முதலாமவர் பாவ மன்னிப்பு வழங்குபவர். அங்கே சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. வழிகாட்டியோ உங்கள் செப வாழ்வை மாதக்கணக்கில் உடன் நின்று பார்ப்பவர். இருவரும் ஒருவராகவே இருக்கலாம், கட்டாயமில்லை. வழிகாட்டி குருவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பயிற்சி பெற்ற அருட்சகோதரியோ பொதுநிலையினரோ ஆகலாம்.

மாதம் ஒரு சந்திப்பு, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். முழு நோட்டையும் கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டாம். அரைப் பக்கத்தில் மூன்று விஷயம்: திரும்பத் திரும்ப வந்தது என்ன, எதைத் தவிர்க்கிறேன், செபம் எப்படிப் போகிறது. சந்திப்பில் பாதி நேரம் அவர் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்ல வழிகாட்டி என்று நம்பலாம்.

முதல் சந்திப்பிலேயே "உனக்குக் குருத்துவ அழைப்பு இருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்பவர், தன் சபைக்கு ஆள் சேர்க்கும் அவசரத்தில் இருப்பவர், "இதை வீட்டில் யாரிடமும் சொல்லாதே" என்பவர், பணம் கேட்பவர் - இவர்களிடமிருந்து விலகிவிடுங்கள். ரகசியம் பற்றி இஞ்ஞாசியார் தெளிவாகவே சொல்கிறார்: தீய ஆவி, ஒரு பெண்ணை மயக்கப் பார்க்கும் கள்ளக் காதலனைப் போன்றது, அவள் தன் தந்தையிடமோ கணவனிடமோ சொல்லிவிட்டால் அவன் திட்டம் முடிந்தது. சந்திப்பும் ஆள் நடமாட்டம் உள்ள இடத்திலேயே இருக்கட்டும்; வயது குறைந்தவர் என்றால் பெற்றோருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும்.

படி 6: முடிவெடுப்பது

முதல் விதி: வறட்சியில் இருக்கும்போது, ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றக் கூடாது. செபம் கசக்கிறது, எல்லாம் வீண் என்று தோன்றுகிறது, அந்த நேரத்தில் "விட்டுவிடுகிறேன்" என்று கடிதம் எழுதாதீர்கள். உச்சிக் களிப்பில் இருக்கும்போது வாக்குக் கொடுக்காதீர்கள் என்பதும் அதன் மறுபக்கம்.

மனம் ஓரளவு அமைதியாக இருக்கும் நாளில் ஒரு தாளை நான்காக மடியுங்கள். இந்த வழியில் போனால் வரும் நன்மை, போனால் வரும் கேடு, போகாவிட்டால் வரும் நன்மை, போகாவிட்டால் வரும் கேடு. இரண்டு பட்டியல் போதாதா என்றால், போதாது. போகாமல் இருப்பதற்கும் ஒரு சொந்த நன்மை உண்டு, அதை நான்கு கட்டம் மட்டுமே வெளியே எடுக்கும். எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்காதீர்கள். எந்த வரி இறைவனுக்கும் பிறருக்குமான அன்பிலிருந்து வருகிறது, எது பயத்திலிருந்தோ பெருமையிலிருந்தோ வருகிறது என்று பாருங்கள்.

பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் உங்களிடம் ஆலோசனை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். சாகும் தறுவாயில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள் என்றும் எழுதுங்கள். கடைசியாக, 10 நாள் "ஆம்" என்று முடிவெடுத்துவிட்டதாக வைத்து வாழுங்கள், அடுத்த 10 நாள் "இல்லை" என்று. யாரிடமும் அறிவிக்க வேண்டாம், வழிகாட்டியிடம் மட்டும் சொல்லிவிட்டு. இரவு நோட்டு இங்கேதான் முழுப் பயன் தரும்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

தப்பித்தலை அழைப்பு என்று நினைப்பது முதலிடம். காதல் முறிவுக்கோ தேர்வுத் தோல்விக்கோ அடுத்த மாதமே பிறக்கும் துறவற ஆசையை ஓராண்டு ஆறப் போடுங்கள். உண்மையென்றால் எங்கும் போய்விடாது. இதற்கு நேர்மாறாக, துறவறத்துக்குப் பயந்து அவசரமாகத் திருமணம் பேசுவதும் நடக்கிறது.

பெற்றோரின் நேர்ச்சை இன்னொன்று. தாய் அன்னா சாமுவேலை ஆண்டவருக்குக் கொடுத்தாள் என்பது உண்மை. ஆனால் அன்றிரவு "இதோ" என்று பதில் சொன்னவன் சாமுவேல்தான். எவரையும் வற்புறுத்தித் திருப்பட்டம் பெறச் செய்வதைத் திருச்சபைச் சட்டம் தடைசெய்கிறது.

விவிலியத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்துக் குறி பார்க்காதீர்கள். அழைப்பைத் தவறவிட்டால் கடவுள் தண்டிப்பார் என்ற பயம் துரத்தினால், அதை முதலில் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். அந்த அவசரம் நல்லாயனின் நடை இல்லை. தூக்கமே இல்லாமல் குரல்கள் கட்டளையிட்டுக்கொண்டே இருந்தாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னாலோ, அன்றே மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

படி 7: திருச்சபையின் பக்கத்திலிருந்து உறுதி

குருத்துவமோ துறவறமோ என்றால் உள்ளத்தின் உறுதி மட்டும் போதாது. ஆயரோ சபைத் தலைவரோ அழைக்க வேண்டும். இதற்கான கால அளவுகள் ஆறுதலானவை. துறவறப் பயிற்சிக் கட்டமான நவதுறவில் சேர 17 வயது நிறைந்திருக்க வேண்டும், அது குறைந்தது 12 மாதம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, 3 முதல் 6 ஆண்டு. குருப்பட்டத்துக்கு 25 வயது நிறைவு. திருமணமானவர் நிரந்தரத் திருத்தொண்டராக 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும். அதாவது வாசலில் நுழையும்போது நூறு சதவீத உறுதியை யாரும் எதிர்பார்க்கவில்லை. சோதித்துப் பார்ப்பதற்கென்றே இத்தனை ஆண்டுகள்.

குருமட மாணவருக்குப் பட்டம் கொடுப்பது பற்றியோ அவரைக் குருமடத்திலிருந்து அனுப்பிவிடுவது பற்றியோ ஆன்ம வழிகாட்டியின் கருத்தைக் கேட்கக் கூடாது என்பதும் சட்டம். அதனால் அவரிடம் மனத்தைத் திறந்து பேசத் தயங்க வேண்டாம். காத்திருப்பு நீண்டால், அன்னை தெரேசாவை நினைத்துக்கொள்ளலாம்: 1946 செப்டம்பர் 10 அன்று ரயிலில் கேட்ட அழைப்புக்காக அவர் தம் மடத்தை விட்டு வெளியேறியது 1948 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் பேராயரின் பரிசோதனையும் உரோமையின் அனுமதியும்.

"இல்லை" என்ற பதிலும் வரும். அப்போது இறையழைத்தல் பொறுப்பாளரிடம் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இது "எப்போதும் இல்லை"யா, "இப்போது இல்லை"யா, காரணம் உடல்நலமா, படிப்பா, குணமா, எதைச் சரிசெய்துவிட்டு எப்போது திரும்பி வரலாம். பிரேசிலில் மறைபரப்புப் பணிக்குப் போக விரும்பிய மருத்துவர் ஜான்னா பெரெத்தா மொல்லாவுக்கு உடல்நலம் இடம்தரவில்லை. 1955-இல் திருமணம் செய்து, பிள்ளைகளை வளர்த்தபடியே மருத்துவம் பார்த்தார். 2004-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். பதில் வந்த வாரத்தில் வேறு எந்த முடிவும் வேண்டாம். சனிக்கிழமை இரவு வாசகம், இரவு இரண்டு வரி இரண்டும் தொடரட்டும். ஒரு மாதம் கழித்து, 4-ஆம் படியிலிருந்து புதிதாக ஒரு பணியை எடுத்துக்கொள்ளுங்கள்.